பொறுப்பு யாருடையது?

தாய்மையைப் போற்றாத மொழி உலகில் இல்லை. நாம் பேசும் மொழியையும் பிறந்த மண்ணையும்கூடத் தாய் என்றே அழைக்கின்றோம். ஆயின், தாயாகப் போகும் ஒரு பெண்ணை அருகில் இருத்தி, “உன் நிலை என்ன? உன் மனம் என்ன சொல்கிறது?” என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே உண்டா? வயிறு வாய்த்தது என்று அறிந்ததும் வாழ்த்துகின்றோம். வாய்க்கக் கூடாத வேளையில் வாய்த்துவிட்டால் ஏசுகின்றோம். வாழ்த்துக்கும் ஏச்சுக்கும் நடுவிலே நின்று அவள் சொல்வதைக் கேட்பார் மிகச் சிலரே.

கருக்கலைப்பு என்னும் சொல்லைக் குடும்பப் பகுதியிலே எழுதலாமா என்று வாசகர்களுட் சிலர் வினவக்கூடும். குடும்பத்திலே நிகழ்வதைக் குடும்பப் பகுதியில் எழுதாது வேறெங்கே எழுதுவது? நம் நாட்டில் நடந்த ஆய்வுகள் காட்டும் உண்மை யாதெனில், கருவைக் கலைக்க வழி தேடும் பெண்களுட் பெரும்பாலோர் மணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள். தீய நடத்தையின் விளைவு என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது, பெரும்பாலும் அடுப்படியிலே, அரிசிப் பானையின் அருகிலே எழும் துயரமாகும்.

வன்னியிலிருந்து நோக்கும்போது

வட்டக்கச்சியை வாசகர்கள் பலர் அறிவர். இரணைமடுக் குளத்து நீரை நம்பி உருவான குடியேற்றக் கிராமம் அது. காடு வெட்டிக் களனி ஆக்கிய மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கின்றனர். போரின் இறுதிக் கட்டத்திலே கிளிநொச்சி மாவட்டத்து மக்கள் அனைவரையும் போலவே அவ்வூராரும் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். போர் முடிந்தபின் திரும்பி வந்து, கூரையற்ற சுவர்களின் நடுவே வாழ்க்கையை மறுபடியும் தொடங்கினர். கணவனை இழந்தோ, கணவன் என்னவானான் என்பதை அறியாமலோ குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் வன்னி எங்கணும் ஏராளம்.

அத்தகைய ஊரொன்றிலே மூன்று பெண்களை எண்ணிப் பார்ப்போம். இவர்கள் எவரும் உண்மைப் பெயருடைய ஒருவரல்லர்; ஆனால், எந்த ஊரிலும் இவர்கள் இல்லாமல் இல்லை.

முதலாமவள் நான்கு பிள்ளைகளின் தாய். கணவன் கூலி வேலை செய்பவன். வயல் வேலை உள்ள நாளில் அடுப்பு எரியும். இல்லாத நாளில் கடன் வளரும். ஐந்தாவது கரு உண்டாகிவிட்டது. இரண்டாமவள் கைம்பெண். வீடு கட்டித் தருகிறேன், துணையாக இருக்கிறேன் என்று ஒருவன் வந்தான். நாள் தள்ளிப்போனது என்று அறிந்த மறுநாளே அவன் ஊரில் இல்லை. மூன்றாமவளோ பதினைந்து வயதுப் பள்ளிச் சிறுமி. அவளுக்கு நேர்ந்ததை அவள் தாயிடங்கூடச் சொல்ல அஞ்சுகிறாள். ஏனெனில், தீங்கு செய்தவன் உறவினன்.

இம்மூவருக்கும் நம் நாட்டுச் சட்டம் கூறும் விடை ஒன்றே.

சட்டம் கூறுவது என்ன?

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டாலன்றி, கருவைக் கலைப்பது குற்றம். தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வயிற்றிலே கரு அசையத் தொடங்கியபின் செய்தால் ஏழாண்டு வரை சிறை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இக்குற்றத்திற்கு உட்பட்டவளே என்று அப்பிரிவின் விளக்கம் தெளிவாகக் கூறுகின்றது.

நான்காவது பிள்ளைக்கே பால்மா வாங்க வழியற்ற தாய்க்கும், ஏமாற்றப்பட்ட கைம்பெண்ணுக்கும், சிறுமிக்கும் இதில் வேறுபாடு இல்லை. இங்கே ஒரு முரண்பாட்டை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். 1995ஆம் ஆண்டிலே தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. பதினாறு வயது நிரம்பாத சிறுமி இணங்கியிருந்தாலும் அவளோடு உறவு கொள்வது வல்லுறவே என்று அத்திருத்தம் வகுத்தது. நெருங்கிய உறவினர் செய்யும் தகாப் புணர்ச்சியும் தனிக் குற்றமாயிற்று. அதாவது, ‘இது உனக்கு விளங்கும் வயதன்று, இதற்கு இணங்கும் தகுதி உனக்கில்லை’ என்று அச்சிறுமியிடம் சட்டம் கூறுகின்றது. அதே சட்டம் அடுத்த பக்கத்திலே, ‘ஆயினும் இக்கருவைச் சுமந்து, பெற்று, தாயாகும் கடமை உனக்கு உண்டு’ என்கின்றது. இணங்கும் வயது வராதவளுக்குத் தாயாகும் வயது எங்ஙனம் வந்தது?

இம்முரண்பாட்டை எவரும் காணாமல் இல்லை. அதே 1995ஆம் ஆண்டிலே, வல்லுறவு முதலிய சில நிலைமைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் வாசகம் ஒன்று பாராளுமன்றத்தின் முன் வந்தது. எதிர்ப்பு எழுந்தமையால் அது மட்டும் கைவிடப்பட்டது. 2017ஆம் ஆண்டிலே நீதியரசர் புவனெக அலுவிகாரை தலைமையிலான குழு, வல்லுறவினால் உண்டான கருவையும், பிறந்தும் பிழைக்க இயலாத பாரிய குறையுடைய கருவையும் கலைக்க இடமளிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. கத்தோலிக்க ஆயர்கள் கடுமையாக எதிர்த்தனர். அம்முயற்சியும் சட்டமாகவில்லை. 1883ஆம் ஆண்டு வாசகமே இன்றுவரை நிலைத்து நிற்கின்றது.

ஒரு தாய்ச்சட்டமும் அதன் பிள்ளைகளும்

இச்சட்டம் நம் முன்னோர் வகுத்ததன்று. மெக்காலே பிரபுவின் தலைமையில் வரையப்பட்டு 1860ஆம் ஆண்டிலே நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவியே நமது சட்டக்கோவை எழுந்தது. சிங்கப்பூரும் மலாயாவும் பெற்றதும் அத்தாய்ச்சட்டத்தின் பிள்ளையையே. ஆகவே, ஒரு காலத்திலே சென்னையிலும், கோலாலம்பூரிலும், சிங்கப்பூரிலும், யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்த தமிழ்ப் பெண்களை ஆண்ட சட்டம் ஏறத்தாழ ஒரே வாசகமாக இருந்தது.

பின்னர் நடந்தது என்ன? சிங்கப்பூர் 1969ஆம் ஆண்டிலே தனிச் சட்டம் இயற்றிக் கட்டுப்பாட்டைத் தளர்த்திற்று. 1974இல் மேலும் தளர்த்திற்று. இந்தியாவிலே 1964ஆம் ஆண்டு சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. மறைவிலே கருவைக் கலைக்கப் போய் மாண்ட தாய்மாரின் துயரத்தை அது ஆராய்ந்து, 1966இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1971ஆம் ஆண்டின் சட்டம் பிறந்தது. வயது வந்த பெண்ணாயின் அவளது சம்மதம் ஒன்றே போதும், கணவனின் கையொப்பம் வேண்டியதில்லை என்பது அச்சட்டத்தின் சிறப்பு. 2021ஆம் ஆண்டுத் திருத்தம், வல்லுறவுக்கு ஆளானோர், சிறுமியர் முதலியோருக்கு 24 வாரம் வரை இடமளித்தது. மணமாகாத பெண்ணுக்கும் அவ்வுரிமை உண்டென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022 செப்ரெம்பரிலே தீர்ப்பளித்தது. மலேசியா 1989ஆம் ஆண்டிலே திருத்தம் செய்து, தாயின் உயிர் மட்டுமன்றி அவளது உடல்நலமும் மனநலமும் கருதப்படலாம் என்றது. இச்சட்டங்களையெல்லாம் தந்த பிரித்தானியாவே 1967ஆம் ஆண்டில் தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது.

வட்டக்கச்சியிலிருந்து கனடாவுக்குச் சென்று குடியேறிய ஒரு பெண்ணையும், ஊரிலேயே இருக்கும் அவள் தங்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கனடாவிலே 1988ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புத் தடையை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. தமக்கைக்கு இது மருத்துவரோடு அமர்ந்து பேசித் தீர்மானிக்கும் விடயம். தங்கைக்கோ இது குற்றம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகிய இருவரின் ஒழுக்கமும் மனச்சாட்சியும் வேறு வேறா? இல்லையே.

சாவின் விளிம்பு எங்கே?

“தாயின் உயிரைக் காக்கத்தான் சட்டம் இடம் தந்திருக்கிறதே, அது போதாதா?” என்று கேட்போர் உளர். அது போதாது என்பதற்கு அயர்லாந்தில் நிகழ்ந்த ஒரு துயரமே சான்று.

கர்நாடகத்திலே பிறந்து, அயர்லாந்தின் கால்வே நகரிலே பல் மருத்துவராக வாழ்ந்தவர் சவிதா ஹலப்பனவார். 2012 ஒக்ரோபரிலே, கருவுற்ற 17ஆம் வாரத்தில், கரு நிலைக்காது என்னும் நிலையில் மருத்துவமனையிற் சேர்ந்தார். கருவை அகற்றிவிடுமாறு கேட்டார். கருவின் இதயத் துடிப்பு இருக்கும்வரை இயலாது என்று மறுக்கப்பட்டது. அந்நாளில் அந்நாட்டுச் சட்டமும் தாயின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் மட்டுமே இடமளித்தது. ஆபத்து என்று துணியப்பட்டபோது கிருமித்தொற்று இரத்தத்திற் கலந்துவிட்டது. ஒக்ரோபர் 28ஆம் நாள், தமது 31ஆம் வயதிலே அவர் உயிர் நீத்தார்.

உயிரைக் காக்கலாம் என்கிறது சட்டம். ஆனால், உயிர் எவ்வளவு தூரம் போனபின் காக்கலாம் என்று சொல்வதில்லை. சிறைக்கு அஞ்சும் மருத்துவர் காத்திருப்பார், கிருமி காத்திராது. கத்தோலிக்க நெறியிலே ஊறிய அயர்லாந்து மக்கள் 2018 மே மாதத்திலே வாக்களித்து, நூற்றுக்கு 66 பேருக்கு மேல் ஆதரவு தந்து, அத்தடையை நீக்கினர். அவர்கள் கடவுளை மறந்துவிட்டதனாலன்று; ஒரு பெண்ணின் சாவை மறக்க இயலாததனாலேயே பலர் அவ்வாறு வாக்களித்தனர் என்பது நம் எண்ணம்.

தடை விதித்தால் கருக்கலைப்பு நின்றுவிடும் என்பதும் அனுபவத்துக்கு ஒவ்வாது. ருமேனியாவிலே 1966ஆம் ஆண்டு கடுந்தடை விதிக்கப்பட்டது. 1989இல் ஆட்சி கவிழும்வரை அது நீடித்தது. அக்காலத்தில் மறைவான கருக்கலைப்பினால் ஆயிரக்கணக்கான பெண்கள் இறந்தனர். தாய்மார் மரணத்திலே அந்நாடு ஐரோப்பாவின் முதலிடத்தை அடைந்தது. தடை நீங்கிய ஓராண்டிற்குள் அம்மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. நம் நாட்டிலும், நாளொன்றுக்கு 650க்கு மேற்பட்ட கருக்கலைப்புகள் நிகழ்வதாகக் கூறும் கணிப்பொன்று நெடுங்காலமாக எடுத்துரைக்கப்பட்டு வருகின்றது. சட்டம் தடுத்தது இதனையன்று, பாதுகாப்பான மருத்துவத்தையே. காசுள்ளவள் கடல் கடந்து இந்தியா போய் வருவாள். காசில்லாதவள் எவளோ ஒருத்தியின் இருண்ட அறைக்குள் நுழைவாள்.

எதிர்ப்போர் கூற்றும் கேட்கத்தக்கதே

கருவும் ஓர் உயிர்தான், அதனை அழிப்பது பாவம் என்பாரை நாம் இகழ்வதற்கில்லை. அவர்கள் கூற்றில் இரக்கம் உண்டு. கத்தோலிக்கம் மட்டுமன்றி, சைவமும் பௌத்தமும் இசுலாமும் கருவை மதிப்பனவே. புறநானூற்றின் 34ஆம் பாட்டிலே ஆலத்தூர் கிழார், பெண்களின் கருவைச் சிதைத்தலைப் பெரும் பாதகங்களுள் ஒன்றாக எண்ணிச் சொல்கின்றார். ஆனால், அப்பாட்டின் முடிபை மறத்தலாகாது. அத்தகைய பாதகத்துக்கும் பரிகாரம் உண்டு. நன்றி மறந்தவர்க்கே மீட்சி இல்லை என்பதுதான் அப்புலவர் எடுத்துக்காட்டும் அறம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் மன்னிக்கத் தக்கது என்று கொண்டதை, நாம் மன்னிக்கவே முடியாதது என்று கொள்வது முறையாகுமா? பத்து மாதம் சுமக்கும் பெண்ணினத்துக்கு நாம் பட்ட நன்றியை மறந்துவிட்டு, அவள் மேல் கல்லெறிவதன்றோ பெரும் பாதகம்?

உரிமை கிட்டியதும் எல்லாம் நன்றாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. இந்தியாவிலே சட்டம் தளர்ந்தபின், வயிற்றிலிருப்பது பெண் என்றறிந்து கலைக்கும் கொடுமை பரவிற்று. அதனைத் தடுக்க 1994ஆம் ஆண்டிலே தனிச் சட்டம் தேவைப்பட்டது. பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் வழக்கத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டரசு 1992ஆம் ஆண்டு சேலத்திலே தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. மாமியும் கணவனும் சீதனக் கணக்குப் பார்த்து வற்புறுத்த, ஒருத்தி தன் கருவைக் கலைத்தாளாயின், அங்கே வெளிப்பட்டது அவள் உரிமையன்று, அவள் அடிமைத்தனமே. ‘கலைக்காதே’ என்று கட்டளையிடுவதும் ‘கலைத்துவிடு’ என்று கட்டளையிடுவதும் ஒரே மரத்தின் இரு கிளைகள். இரண்டிலும் அவளைக் கேட்பாரில்லை.

ஆடவன் எங்கே?

பொறுப்பு என்னும் சொல்லை நம் சமூகம் ஒரு பக்கமாகவே உச்சரிக்கின்றது. ‘அவள் பொறுப்பாக இருந்திருக்க வேண்டும்’ என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாசகம். ‘அவன்’ எங்கே போனான்? 303ஆம் பிரிவு கருவுற்றவளை நீதிமன்றில் நிறுத்தக்கூடும். அவளைக் கைவிட்டு ஓடியவனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தண்டிக்கப்படும் ஒரு செயலுக்குக் காரணமான இருவரில் ஒருத்தி மட்டுமே சுமப்பது நீதியாகாது.

ஒன்றை மட்டும் பெண்கள் அறிந்து வைத்திருத்தல் நன்று. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மணமாகாமற் பிறந்த பிள்ளைக்கும் தந்தையிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவ்வழி அறியாமையாலும், ஊர் வாய்க்கு அஞ்சியும் எத்தனையோ தாய்மார் மௌனமாகச் சுமக்கின்றனர். கருவின் உயிர் புனிதமானது என்று மேடையிலே பேசுவோர், அப்பிள்ளை பிறந்தபின் அதன் தாய்க்கு வாடகைக்கு ஒரு வீடு கொடுப்பார்களா? அதன் பெயரைக் கேட்டு முகம் சுளிக்காது பள்ளியிற் சேர்ப்பார்களா? பிறக்கும் வரை மட்டும் காட்டும் இரக்கம் இரக்கமாகாது.

இன்றே செய்யத்தக்கவை

சட்டம் மாறும் நாள் என்று வருமோ நாம் அறியோம். அதுவரை கைகட்டி இருத்தல் வேண்டா. வேண்டாத கரு உண்டாகாமற் காப்பதே முதல் அறம் என்பதில், ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒன்றுபடலாம்.

ஊர்தோறும் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர் நம் நாட்டின் பெருஞ் செல்வம். மாத்திரை, மூன்று மாத ஊசி, கைத்தோலின் கீழ் வைக்கும் குச்சி, லூப் முதலிய முறைகளைப் பற்றி அவரிடம் கேட்கலாம். அரசாங்கச் சிகிச்சை நிலையங்களிலே இவை கிடைக்கின்றன. கணவனும் உடன் சென்று கேட்பது சிறப்பு. கைம்பெண்ணும் மணமாகாதவளும் இவ்வறிவைக் கேட்க நாணுகின்றனர். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்னும் அச்சமே அவர்களை இருளிலே தள்ளுகின்றது. அவர்கள் கேட்கும்போது புருவத்தை உயர்த்தாதிருப்பது நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய சிறு தருமம்.

பாதுகாப்பின்றி உறவு நேர்ந்துவிட்டால், 72 மணித்தியாலத்துக்குள் உட்கொள்ளவேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரை மருந்துக் கடைகளிலே உண்டு. எவ்வளவு விரைவில் எடுக்கிறோமோ அவ்வளவுக்குப் பயன் மிகும். அது கருவைக் கலைக்கும் மருந்தன்று; கரு உண்டாகாமற் தடுக்கும் மருந்து. வல்லுறவுக்கு ஆளான பெண்ணையோ சிறுமியையோ தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென ‘நட்பு நிலையம்’ என்னும் பிரிவுகள் வைத்தியசாலைகளிலே இயங்குகின்றன. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கங்கள் உள்ளன.

யாவற்றிலும் முக்கியமானது இது: கருச்சிதைவு எவ்வாறு நேர்ந்திருப்பினும், இரத்தப்போக்கோ காய்ச்சலோ வயிற்றுவலியோ கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அந்நிலையிலுள்ள பெண்ணுக்குச் சிகிச்சை அளிப்பது குற்றமன்று, மருத்துவரின் கடமை. பொலிசுக்கு அஞ்சி வீட்டிலே படுத்திருந்து மாண்டவர்களின் பிள்ளைகள் இன்று தாயற்றவர்களாய் வளர்கின்றனர். ஒரு நாள் தாமதம் ஓர் உயிரின் விலையாகலாம்.

முடிவு அவளுடையதாகட்டும்

நாம் சொல்ல விழைவது ஒன்றே. பொறுப்பு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், தீர்மானிக்கும் உரிமை இல்லாதவரிடம் பொறுப்பைக் கேட்க இயலாது. வயலை உழுபவனுக்கு எப்போது விதைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லையாயின், விளைச்சல் பொய்த்ததற்கு அவனைக் குறை கூறுவது எங்ஙனம்? தன் உடலிலே, தன் வாழ்விலே, தன் பிள்ளைகளின் சோற்றிலே பங்குபோடும் ஒரு முடிவை எடுக்கும் தகுதி பெண்ணுக்கில்லை என்று கருதும் நாம், அந்த முடிவின் பாரத்தை மட்டும் அவள் தலையில் ஏற்றுகின்றோம். தீராத போரையும் இடப்பெயர்வையும் கண்டு, ஆடவரற்ற வீடுகளைத் தனியே தூக்கி நிறுத்திய வன்னிப் பெண்களைப் பார்த்து, உங்களுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று சொல்ல எவருக்குத் துணிவு வரும்?

கருவைச் சுமக்கவே விரும்பும் பெண்ணுக்கு ஊர் துணை நிற்கட்டும். சுமக்க இயலாத பெண்ணைச் சட்டம் சாகவிடாதிருக்கட்டும். குறைந்தபட்சம் வல்லுறவுக்கு ஆளான சிறுமிக்கும், பிழைக்க இயலாத கருவைச் சுமக்கும் தாய்க்குமாவது, 2017ஆம் ஆண்டுப் பரிந்துரைகளைப் பாராளுமன்றம் எடுத்து நோக்கட்டும். சட்டசபையிலே நிகழவேண்டியது அது. நம் இல்லங்களிலே நிகழவேண்டியது அதனினும் எளிது: அடுத்த முறை ஒரு மகளோ, மருமகளோ, அயல்வீட்டுப் பெண்ணோ கலங்கிய முகத்துடன் வந்து அமர்ந்தால், தீர்ப்புக் கூறுமுன் அவளைப் பேசவிட்டுக் கேட்போமாக.